ஒரு ஹோஸ்டிங், மூன்று டொமைன்: மெயில் பெட்டிகளை அமைப்பது எப்படி?

இமெயில் முகவரி இல்லாதவர் இன்று எவரும் இல்லை எனலாம். புது போன் வாங்கினாலே ஜிமெயில் முகவரி ஒன்றும் கூடவே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் கடை, டியூஷன் சென்டர், அச்சகம் எனச் சொந்தமாகத் தொழில் செய்யும் பலர், தங்கள் பெயரில் இணைய தளம் அமைத்த பிறகும் விசிட்டிங் கார்டில் ஜிமெயில் முகவரியைத்தான் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். டொமைனுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஹோஸ்டிங்கிற்கும் கட்டியாகிவிட்டது. அதனுடன் கிடைத்த மெயில் பெட்டிகள் மட்டும் திறக்கப்படாமலேயே கிடக்கின்றன.

சிலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன்கள் இருக்கும். கடைக்கு ஒன்று, மனைவி நடத்தும் டியூஷனுக்கு ஒன்று, குடும்பப் பெயரில் ஒன்று. இவை அனைத்திற்கும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் மெயில் பெட்டிகளை அமைக்கலாம். வேலை கடினமானதல்ல. ஆனால் எந்த டொமைனின் மெயில் எந்த வழியாக வருகிறது என்பது புரியாமல் அமைத்தால், என்றாவது ஒருநாள் மெயில்கள் காணாமல் போகும், காரணமும் தெரியாது. எனவே முதலில் அடிப்படையைப் பார்த்துவிட்டு, பிறகு அமைக்கும் வழிகளுக்குச் செல்லலாம்.

இந்தக் கட்டுரையில் கடைக்கு எக்ஸாம்பிள்.காம், டியூஷனுக்கு எக்ஸாம்பிள்.நெட், குடும்பத்திற்கு எக்ஸாம்பிள்.ஆர்க் என வைத்துக் கொள்வோம். இது போன்ற விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே 1999ல் வெளியான இணைய விதிமுறை ஒன்று இந்த மூன்று பெயர்களையும் ஒதுக்கி வைத்துள்ளது. யாரும் இவற்றை விலைக்கு வாங்க முடியாது. முகவரிகளை இங்கு தமிழில் தந்திருந்தாலும், கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக்களில்தான் டைப் செய்திட வேண்டும்.

சொந்த முகவரி எதற்கு?

விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஜிமெயில் முகவரியில் @ குறியீட்டிற்கு வலப்புறம் இருப்பது கூகுளின் பெயர். அந்த முகவரியை எடுத்துக் கொண்டு நீங்கள் வேறு நிறுவனத்திற்குச் செல்ல முடியாது. வலப்புறம் இருப்பது உங்கள் டொமைன் என்றால், மெயில் பெட்டியை எந்த நிறுவனத்திடம் வைத்தாலும் முகவரி மாறாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சொந்த டொமைனுக்கு இலவசமாக மெயில் பெட்டி தரும் திட்டத்தை கூகுள் 2006 ஆகஸ்டில் தொடங்கியது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அந்த இலவசத்தை நிறுத்தியது. பழைய பயனாளர்களும் இனிப் பணம் கட்ட வேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால், தொழிலுக்கு அல்லாமல் சொந்த உபயோகத்திற்கு வைத்திருப்பவர்கள் இலவசமாகவே தொடரலாம் என்று அதே ஆண்டில் மாற்றிக் கொண்டது. இந்தக் குழப்பத்தில் வேறு இடத்திற்கு மாற விரும்பியவர்கள், டொமைன் தங்களுடையது என்பதால் முகவரியை மாற்றாமலேயே மாற முடிந்தது. நண்பர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் புது முகவரி சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை.

மெயில் எப்படி வந்து சேர்கிறது?

இமெயில் முகவரியில் @ குறியீட்டைக் கொண்டு வந்தவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஆண்டு 1971. இடப்புறம் ஆளின் பெயர், வலப்புறம் அவர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரின் பெயர் என்பது அவர் வகுத்த முறை. இன்று வலப்புறம் வருவது டொமைன் பெயர்.

ஒருவர் உங்களுக்கு மெயில் அனுப்பும்போது, அவருடைய மெயில் சர்வர் வலப்புறம் உள்ள டொமைன் பெயரை மட்டும் எடுத்துக் கொண்டு, "இந்த டொமைனுக்கான மெயில்களை எந்த சர்வரிடம் தர வேண்டும்?" என்று டிஎன்எஸ் அமைப்பிடம் கேட்கும். அதற்கான விடை எம்எக்ஸ் ரெகார்ட் என்ற வரியில் உள்ளது. 1986ல் வந்த ஏற்பாடு இது. விடை கிடைத்தவுடன் மெயில் அந்த சர்வருக்குச் செல்லும். அதன் பின்னர்தான் இடப்புறம் உள்ள பெயர் பார்க்கப்பட்டு, உரிய பெட்டியில் போடப்படும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் கொள்ள வேண்டும்.

முதலாவது, இன்போ@எக்ஸாம்பிள்.காம் என்பதும் இன்போ@எக்ஸாம்பிள்.நெட் என்பதும் தனித்தனிப் பெட்டிகள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றில் வந்தது மற்றொன்றில் தெரியாது. இதனால்தான் லாக் இன் செய்கையில் யூசர் நேமாக இன்போ என்று மட்டும் தந்தால் சர்வர் ஏற்றுக் கொள்வதில்லை. முழு முகவரியையும் தர வேண்டும்.

இரண்டாவது, டொமைனைப் பதிவு செய்த இடம், டிஎன்எஸ் வரிகள் உள்ள இடம், மெயில் பெட்டிகள் உள்ள இடம் ஆகிய மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கலாம். மூன்று டொமைன்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்று விவரங்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முதலில் தாளில் திட்டமிடுங்கள்

எல்லா முகவரிகளுக்கும் தனிப் பெட்டி தேவையில்லை. மூன்று வகைகள் உள்ளன.

1. மெயில் பாக்ஸ்: உண்மையான பெட்டி. தனி பாஸ்வேர்ட், தனி இடம் உண்டு. தினமும் மெயில் படித்து, அதே முகவரியிலிருந்து பதில் எழுதுபவர்களுக்கு இது தேவை.

2. பார்வேர்டர்: பெட்டி இல்லாத முகவரி. வருவதை இன்னொரு முகவரிக்குத் திருப்பி விடும். எடுத்துக்காட்டாக சேல்ஸ்@எக்ஸாம்பிள்.காம் முகவரிக்கு வருவதை உங்கள் பெயரில் உள்ள பெட்டிக்குத் திருப்பி விடலாம். இதற்கு இடமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

3. கேட்ச் ஆல்: இல்லாத முகவரிகளுக்கு வரும் மெயில்களையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்ப்பது. எழுத்துப்பிழையுடன் வரும் மெயில்கூட கிடைக்குமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் ஸ்பாம் அனுப்புபவர்கள் ஏதேதோ பெயர்களைச் சேர்த்து அனுப்பிப் பார்ப்பார்கள். அவை அனைத்தும் உங்களிடம் வந்து குவியும். இதை நிறுத்தி வைப்பதே நல்லது.

பார்வேர்டரை உங்கள் ஹோஸ்டிங்கிற்குள்ளேயே வைத்துக் கொள்வது பாதுகாப்பானது. மொத்தத்தையும் வெளியே உள்ள ஜிமெயில் முகவரிக்குத் திருப்பினால், உங்களுக்கு வரும் ஸ்பாமும் உங்கள் சர்வரிலிருந்து செல்வதாகவே ஜிமெயிலுக்குத் தெரியும். நாளடைவில் உங்கள் சர்வரின் பெயர் கெடும்.

பெட்டிகளை உருவாக்குதல்

பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையைத் தருகின்றன. அதில் செய்யும் வழி இங்கு தரப்படுகிறது. வேறு பேனல் என்றாலும் பெயர்கள் சற்று மாறுமே தவிர வேலை ஒன்றுதான்.

1. சிபேனலில் நுழைந்து "டொமைன்ஸ்" என்பதில் கிளிக் செய்திடவும். உங்கள் மூன்று டொமைன்களும் பட்டியலில் உள்ளனவா எனப் பார்க்கவும். இல்லை எனில் "கிரியேட் எ நியூ டொமைன்" மூலம் சேர்க்கவும். எத்தனை டொமைன்களுக்கு அனுமதி என்பது உங்கள் ஹோஸ்டிங் திட்டத்தைப் பொறுத்தது.

2. அடுத்து "இமெயில்" பிரிவில் "இமெயில் அக்கவுண்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். "கிரியேட்" பட்டனை அழுத்தினால் ஒரு படிவம் கிடைக்கும்.

3. அதில் முதலில் உள்ள டொமைன் கட்டத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியைக் கிளிக் செய்து, எந்த டொமைனில் பெட்டி வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கவும். அவசரத்தில் இதைப் பார்க்காமல் விட்டு, டியூஷன் பெட்டியைக் கடையின் டொமைனில் உருவாக்கிவிடுபவர்கள் உண்டு.

4. யூசர் நேம் கட்டத்தில் @ குறியீட்டிற்கு முன் வரும் பெயரை மட்டும் தரவும்.

5. ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் தரவும். ஒரு பெட்டியின் பாஸ்வேர்ட் திருடப்பட்டு அதன் வழியே ஸ்பாம் அனுப்பப்பட்டால், ஹோஸ்டிங் நிறுவனம் உங்கள் கணக்கு முழுவதையும் நிறுத்தி வைக்கலாம். அப்போது மூன்று டொமைன்களின் மெயிலும் சேர்ந்து நின்று போகும்.

6. இட அளவைக் குறிப்பிடவும். "அன்லிமிடெட்" எனத் தருவது வசதியாகத் தோன்றும். ஆனால் எல்லாப் பெட்டிகளும் இணைய தளமும் ஒரே ஹோஸ்டிங் இடத்தைத்தான் பங்கிட்டுக் கொள்கின்றன. 2 எம்பி அளவுள்ள படங்களுடன் 500 மெயில்கள் வந்தாலே 1 ஜிபி நிறைந்துவிடும். இடம் தீர்ந்தால் புதிய மெயில்கள் அனுப்பியவருக்கே திரும்பும். எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

கம்ப்யூட்டரிலும் போனிலும் படிக்க

வெப்மெயில் மூலம் பிரவுசரிலேயே படிக்கலாம். ஆனால் மூன்று பெட்டிகளுக்கு மூன்று முறை லாக் இன் செய்வது அலுப்பூட்டும். தண்டர்பேர்ட் போன்ற இலவச மெயில் புரோகிராம் ஒன்றில் மூன்று கணக்குகளையும் சேர்த்துவிட்டால், இடப்பக்கம் மூன்றும் வரிசையாகத் தெரியும். தேவையான விவரங்கள் பொதுவாக இவை:

* யூசர் நேம்: முழு இமெயில் முகவரி.
* உள்வரும் சர்வர்: ஐமேப், போர்ட் எண் 993, எஸ்எஸ்எல் பாதுகாப்புடன்.
* வெளிச்செல்லும் சர்வர்: எஸ்எம்டிபி, போர்ட் எண் 465 (எஸ்எஸ்எல்) அல்லது 587 (ஸ்டார்ட்டிஎல்எஸ்).
* சர்வர் பெயர்: ஹோஸ்டிங் நிறுவனம் தந்துள்ளபடி. சிபேனலில் பெட்டியின் எதிரே உள்ள "கனெக்ட் டிவைசஸ்" என்பதை அழுத்தினால் கிடைக்கும்.

பாப்3 என்ற பழைய முறையும் உண்டு. அது மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக் கொள்வது. சரியாக அமைக்காவிட்டால் கம்ப்யூட்டரில் இறங்கிய மெயில் போனில் தெரியாது. இரண்டிலும் படிப்பவர்கள் ஐமேப் முறையையே தேர்ந்தெடுக்கவும்.

போர்ட் 25 என்பது ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயில் தருவதற்கான வழி. ஸ்பாமைத் தடுப்பதற்காக இணைய இணைப்பு தரும் பல நிறுவனங்கள் வீடுகளிலிருந்து அதைப் பயன்படுத்த விடுவதில்லை. பழைய குறிப்புகளைப் பார்த்து 25 எனத் தந்துவிட்டு, மெயில் போகவில்லையே எனக் குழம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சோதித்துக் கொள்ளுங்கள். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் சென்று, ஒவ்வொரு கணக்கிற்கும் அதனதன் வெளிச்செல்லும் சர்வர் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். டியூஷன் முகவரியில் எழுதிய மெயில் கடைக் கணக்கின் வழியாகச் சென்றால், சில சர்வர்கள் அதை அனுப்ப மறுத்துவிடும்.

மெயில் மட்டும் வேறு இடத்தில் என்றால்

சிலர் இணைய தளத்தை ஹோஸ்டிங்கிலும், மெயிலை மட்டும் ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாப்ட் 365 போன்ற சேவைகளிலும் வைத்துக் கொள்வார்கள். ஒரு டொமைனுக்கு மட்டும் இப்படிச் செய்வதும் சாத்தியமே. அந்த டொமைனின் எம்எக்ஸ் ரெகார்டை மாற்றினால் போதும். மற்ற இரண்டும் பழையபடி இயங்கும். எம்எக்ஸ் வரியில் சர்வரின் பெயரைத் தர வேண்டும். ஐபி எண்ணைத் தரக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தால், சிறிய எண் கொண்ட வரிக்கே முன்னுரிமை.

புது இடத்தில் பெட்டிகளை உருவாக்கிய பின்னரே எம்எக்ஸ் ரெகார்டை மாற்ற வேண்டும். வரிசை மாறினால், இடையில் வரும் மெயில்கள் பெட்டி இல்லை என்று திரும்பிவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று இங்கு உண்டு. கடையின் மெயிலை வெளிச் சேவைக்கு மாற்றிவிட்டீர்கள். ஊரெல்லாம் அனுப்பும் மெயில்கள் சரியாக வருகின்றன. டியூஷன் முகவரியிலிருந்து கடை முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வந்து சேர்வதில்லை. பிழைச் செய்தியும் இல்லை. என்ன காரணம்? இரண்டு டொமைன்களும் ஒரே ஹோஸ்டிங்கில் உள்ளன. கடையின் மெயிலும் தன்னிடமே இருப்பதாக அந்த சர்வர் எண்ணிக் கொண்டு, எம்எக்ஸ் ரெகார்டைப் பார்க்காமலேயே உள்ளே இருக்கும் பழைய பெட்டியில் போட்டுவிடுகிறது. சிபேனலில் "இமெயில் ரூட்டிங்" சென்று, கடையின் டொமைனைத் தேர்ந்தெடுத்து, "ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்" என மாற்றி விடுங்கள். சிக்கல் தீர்ந்துவிடும். அதுவரை வந்தவை பழைய பெட்டியில் பத்திரமாக இருக்கும்; வெப்மெயில் மூலம் எடுத்துக் கொள்ளலாம்.

நீங்கள் அனுப்புவது ஸ்பாம் போல்டருக்குப் போகிறதா?

யார் வேண்டுமானாலும் உங்கள் முகவரியைப் போட்டு மெயில் அனுப்பிவிட முடியும் என்பது இமெயிலின் பழைய குறை. அதைச் சரி செய்ய மூன்று ஏற்பாடுகள் வந்தன. இந்த டொமைனின் மெயில் எந்தெந்த சர்வரிலிருந்து வரலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎப். ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் வைக்கும் டிஜிட்டல் கையெழுத்து டிகிம். இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பாக உள்ளன. மெயில் அனுப்பும் எல்லா டொமைன்களுக்கும் எஸ்பிஎப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மிக அதிக எண்ணிக்கையில் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும்.

சிபேனலில் "இமெயில் டெலிவரபிலிட்டி" என்பதைத் திறந்தால் மூன்று டொமைன்களும் வரிசையாகத் தெரியும். எதில் குறை உள்ளதோ அதற்கு எதிரே எச்சரிக்கை இருக்கும். டிஎன்எஸ் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால் "ரிப்பேர்" பட்டனை அழுத்தினால் போதும். வேறு இடத்தில் இருந்தால், காட்டப்படும் வரிகளைக் காப்பி செய்து அங்கு பேஸ்ட் செய்திட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎப் வரிதான் இருக்க வேண்டும். புது சேவையில் சேரும்போது இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டுமே பயனற்றுப் போகும். பழைய வரியோடு இணைத்து எழுத வேண்டும். அடுத்து, மெயிலே அனுப்பாமல் சும்மா வைத்திருக்கும் டொமைனுக்கும், எவரும் இதன் பெயரில் அனுப்ப அனுமதியில்லை என்ற எஸ்பிஎப் வரியைச் சேர்த்துவிடுங்கள். கவனிக்க ஆளில்லாத டொமைனின் பெயரில் போலி மெயில் அனுப்புவது மோசடிக்காரர்களுக்கு வசதி.

புதுப்பிக்க மறந்தால்

மேலே சொன்ன அனைத்தையும் சரியாகச் செய்தாலும், டொமைனைப் புதுப்பிக்காவிட்டால் எல்லாம் வீண். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனமே பாஸ்போர்ட்.காம் டொமைனுக்கான 35 டாலர் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டது. ஹாட்மெயிலில் லாக் இன் செய்ய அந்த டொமைன் தேவை. கிறிஸ்துமஸ் சமயத்தில் பலரால் மெயில் பார்க்க முடியவில்லை. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் அந்தக் கட்டணத்தைக் கட்டியதும்தான் நிலைமை சீரானது.

நமக்கு அப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்த ஓர் அச்சக உரிமையாளருக்கு இணைய தளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரிலும் தன் மெயில் முகவரியிலும் பதிவு செய்திருந்தார். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு சென்றுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அவருடைய பழைய முகவரிக்கே போயின. அச்சகத்திற்கு ஆர்டர்கள் வருவது நின்றபோது, வியாபாரம் மந்தம் என்றே உரிமையாளர் நினைத்தார். பேங்க் அனுப்பிய கடிதம் ஏன் வரவில்லை என்று தேடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஆர்டர் போவதோடு இது முடிவதில்லை. காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கினால், உங்கள் முகவரியையே அவர் புதிதாக உருவாக்கிக் கொள்ளலாம். பிறகு அந்த முகவரியில் நீங்கள் தொடங்கிய கணக்குகளில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று கிளிக் செய்தால், புது பாஸ்வேர்டுக்கான மெயில் அவருக்குப் போகும்.

எனவே கீழ்க்காண்பவற்றை இன்றே செய்திடுங்கள்.

* மூன்று டொமைன்களும் உங்கள் பெயரில், உங்கள் லாக் இன் கணக்கில் உள்ளனவா என்று பார்க்கவும்.

* பதிவு செய்த இடத்தில் தந்துள்ள தொடர்பு முகவரி அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. காம், நெட், ஆர்க் போன்ற டொமைன்களுக்கு, காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. காலாவதியான ஐந்து நாட்களுக்குள்ளும் ஒரு கடிதம் வர வேண்டும். ஆனால் டொமைன் நின்றுபோனால் அதன் மெயிலும் நிற்கும்; அந்தக் கடைசிக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. இந்த ஒரு வேலைக்கு ஜிமெயில் முகவரி தருவதே சரி.

* தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைக்கவும். கார்டு மாறினால் அங்கும் மாற்றவும். மூன்று டொமைன்களின் தேதிகளையும் காலண்டரில் குறித்து வைக்கவும்.

* தவறிவிட்டால் பதற வேண்டாம். இந்த வகை டொமைன்களில், பதிவிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் 30 நாட்கள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் அதிகம்.

* ஹோஸ்டிங் நின்றால் பெட்டியில் உள்ள மெயில்களும் போய்விடும். மாதம் ஒருமுறை முக்கிய மெயில்களைத் தண்டர்பேர்டில் "லோக்கல் போல்டர்ஸ்" பகுதிக்குக் காப்பி செய்து வைக்கவும்.

மூன்று டொமைன்களையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். அதிகம் பயன்படாத ஒன்றில் முதலில் ஒரு பெட்டியை உருவாக்குங்கள். ஜிமெயிலிலிருந்து அதற்கு ஒரு மெயில் அனுப்பி, பதிலும் எழுதிப் பாருங்கள். பிறகு உங்களுடைய மற்ற டொமைன்களிலிருந்தும் அனுப்பிச் சோதியுங்கள். எல்லாத் திசையிலும் சரியாகப் போய் வந்தால், அடுத்த டொமைனுக்குச் செல்லலாம். கடையின் டொமைன் கடைசியாக இருக்கட்டும். புது விசிட்டிங் கார்டுகளை அதன் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.